மீன் வாங்க முதல் ஒரு மாசம் வெறும் தண்ணி

போன எபிசோடில் ஸ்மார்ட் ஹோம் சாமான்களைப் பற்றிக் கதைத்தோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று: "முதன்முதலா வீட்டில மீன்தொட்டி வைக்கப் போறன். போன்ல லைற் மாத்தலாம், தானாச் சாப்பாடு போடும் எண்டு ஒரு செற் இருக்கு. வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். முதலில் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்ப்பீர்களே, அந்த வகை. பிறகு 20 கலன் தொட்டி, ஒரு ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீற்றர். மீன்? அது ஒரு மாசம் கழித்து.

இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வெறும் தண்ணியை ஒரு மாசம் பார்த்துக்கொண்டு இருக்கிறதா? ஓம், அதேதான். நான் அப்படிச் செய்யவில்லை. தொட்டி வாங்கின அதே நாள் ஆறு மீனையும் வாங்கி வந்தனான். ஒன்பதாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் கிணத்தடித் தொட்டியில் கப்பி வளர்த்த ஆள். "நாங்கள் ஒரு மீனுக்கும் டெஸ்ட் எடுத்ததில்லை. தண்ணியை வாளியில ஒரு நாள் விட்டு வை, குளோரின் போயிடும்" என்றார். அப்படியே செய்தேன். அடுத்த நாலு மீனும் போய்ச் சேர்ந்தன.

அப்பா பிழையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு தண்ணிக்கு. சும்மா குளோரின் என்றால் திறந்த வாளியில் ஒரு நாளில் பெரும்பாலும் பறந்துவிடும். ரொறன்ரோவில் எங்கள் குழாய்க்கு வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணி. நாலு நிலையங்களில் சுத்திகரித்து, குளோரினோடு கொஞ்சம் அமோனியாவையும் சேர்த்துக் குளோராமைனாக அனுப்புகிறார்கள். நீண்ட குழாய்களில் மைல் கணக்கில் ஓடினாலும் கிருமிநாசினி குறையாமல் இருக்கத்தான் அப்படி. எங்களுக்கு அது நல்லது. ஆனால் வாளியில் ஒரு நாள் வைத்தால் அது போகாது. மீனின் செவுளுக்கு அது நஞ்சு. கடையில் விற்கிற குளோரின் நீக்கி அதை உடைத்துவிடும், சரி. உடைக்கும்போது உள்ளே இருந்த அமோனியா வெளியே வரும். அதனால் போத்தலில் குளோராமைனுக்கும் அமோனியாவுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கிற ஆட்கள் தங்கள் ஊரின் வருடாந்தக் குடிநீர் அறிக்கையைப் பாருங்கள். ஒன்ராறியோவில் அதை வெளியிட்டே ஆகவேண்டும்.

(நாலு நிலையங்களில் ஒன்று குயின் தெருவின் கிழக்கு முடிவில் இருக்கும் ஆர். சி. ஹாரிஸ். 1941இல் ஓடத் தொடங்கியது. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி அந்தக் கட்டடத்தை வைத்து 1987இல் ஒரு நாவலே எழுதினார். வெயில் காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், குழாய்த் தண்ணிக்கு இப்படி ஒரு மாளிகையா என்று இருக்கும்.)

ஆனால் முதல் ஆறு மீனையும் கொன்றதில் குளோராமைனுக்கு மட்டும் பங்கில்லை. மீன் தன் செவுள் வழியாகவே அமோனியா விடும். மிஞ்சின சாப்பாடு அழுகினாலும் அமோனியா. ஏரியில் அது கரைந்து காணாமல் போகும், பத்துக் கலன் பெட்டியில் எங்கே போகும்? அதைத் தின்ன நுண்ணுயிர்கள் வேண்டும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் ஒக்சிசனைக் காவ விடாது, தண்ணி நிறைய ஒக்சிசன் இருந்தாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் பெரிய ஆபத்தில்லை, கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணி மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் இல்லை. வளர நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும்.

அந்தக் கூட்டம் யார் என்பதே எங்கள் காலத்தில்தான் ஒழுங்காகத் தெரியவந்தது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபக்டர் என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. மீன்தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஹோவனெக் குழு காட்டியது. 2011இல் எங்களுக்குப் பக்கத்திலேயே, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நன்னீர்த் தொட்டிகளின் 27 ஃபில்டர்களை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 23இல் அமோனியாவைத் தின்னும் உயிர்களில் கூடுதலாக இருந்தவை பக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா. பிறகு 2015இல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு வேலையையும் தனியாகச் செய்யக்கூடிய நைட்ரோஸ்பைராவும் இருக்கிறதாம். அதைக் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்று பார்த்தது மீன் வளர்ப்பு ஃபில்டர் ஒன்றைத்தான். ஒரு டொலர் ஸ்பொஞ்சுக்குள் இவ்வளவு நடக்கிறது. போனில் நிறம் மாறும் லைற்றைப் பற்றி ஆரும் இப்படி ஒரு ஆய்வு எழுதப் போவதில்லை.

இதைப் படித்த பிறகுதான் அப்பாவின் கிணத்தடித் தொட்டி எனக்கு விளங்கியது. குளோரின் படாத கிணற்றுத் தண்ணி. வருசக்கணக்காகப் பாசி பிடித்த சீமெந்துச் சுவர். அந்த வழுவழுப்புத்தான் ஃபில்டர். அப்பாச்சி "பாசியைச் சுரண்டாதையுங்கோ" என்று பேசுவாவாம். அப்பாவுக்குக் கிடைத்தது ஏற்கெனவே தயாரான தொட்டி. எனக்குக் கிடைத்தது வெறும் கண்ணாடி.

மூன்றாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். மீன் இல்லாமல், போத்தல் அமோனியா விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்து ஒரு கொப்பியில் எழுதினேன். முதல் இரண்டு கிழமை ஒன்றுமே மாறாது. போரடிக்கும். பதினெட்டாம் நாள் நைட்ரைட் குழாய் ஊதா நிறமாக மாறியபோது ரக்கூனே வீட்டுக்குள் வந்ததுபோல் சத்தம் போட்டேன். விட்ட அமோனியா 24 மணித்தியாலத்தில் பூச்சியம், நைட்ரைட்டும் பூச்சியம் என்று வந்தால் தொட்டி தயார். எனக்கு 37 நாள் எடுத்தது.

பலமான மீன் இரண்டை முதலில் விட்டுத் தொட்டியைப் பழக்கலாம் என்று கடைகளில் சொல்லுவார்கள். வேலை செய்யும். ஆனால் போத்தலில் வாங்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு உயிரை அமோனியாவில் ஊறவைக்கிற வேலை அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போத்தலில் வரும் பக்டீரியா? சிலது வேலை செய்யும், சிலது வெறும் தண்ணி. எது என்று சொல்லப்போவதும் அந்த டெஸ்ட் கிட்தான்.

இப்போது ஸ்மார்ட் செற்றுக்கு வருவம். அதன் ஆப் காட்டுவது வெப்பநிலையும் வெளிச்சமும். என் பத்து மீனும் சாகும்போது இரண்டுமே திறமாக இருந்தன. தானாகச் சாப்பாடு போடும் பெட்டி முதல் மாசத்தில் தானாக அமோனியா போடும் பெட்டிதான். கண்ணுக்குத் தெரிவதை அளக்கிறது லேசு, அதனால் அதை விற்கிறார்கள். லைற்றுக்கு ஒரு சாதாரண ரைமர் பிளக் போதும், நாளுக்கு ஏழு எட்டு மணித்தியாலம். காசு மிஞ்சினால் பெரிய தொட்டியில் போடுங்கள். தண்ணி கூடினால் நஞ்சின் செறிவு மெதுவாகத்தான் ஏறும், பிழை விட்டாலும் திருத்த நேரம் கிடைக்கும். பாரத்தை மட்டும் யோசியுங்கள்: 20 கலன் என்றால் தண்ணியே 75 கிலோ. புத்தக ராக்கை தாங்காது.

ஒரு கதை சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. தொட்டி நல்லாப் போய்க்கொண்டிருந்த நேரம் நான் மொன்றியலுக்குப் போனேன். அம்மா வீட்டைத் துப்பரவாக்கினா. ஸ்பொஞ்ச் மண்ணிறமாக, வழுவழுப்பாக இருந்திருக்கிறது. பாவம், குழாய்ச் சுடுதண்ணியில் பிழிந்து பிழிந்து கழுவி, புதுசு மாதிரித் திருப்பி வைத்துவிட்டா. நாலு நாளில் ஏழு மீன். நான் சத்தம் போட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, அன்றிரவு சாப்பிடவும் இல்லை. அந்த ஊத்தைதான் தொட்டியின் உயிர் என்று நான் அவவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொன்ன மாதிரி அவவுக்குச் சொல்லியிருக்கலாம். தமிழில் நைட்ரிபிகேசன் எப்படிச் சொல்லுறது என்று யோசித்தே விட்டுவிட்டேன்.

பிறகு சொன்னேன். "அம்மா, அது தயிருக்கு உறை மாதிரி." ஒரு நிமிசத்தில் விளங்கிவிட்டது. "அப்ப உறையைக் கழுவி ஊத்திப்போட்டன் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்றா. இப்போது ஸ்பொஞ்சை அவதான் பிழிகிறா, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில், வாளிக்குள்.

இப்போது இருப்பது பன்னிரண்டு செரி பார்ப். ரொறன்ரோவில் அநேகமான கடைகளில் கிடைக்கும். இலங்கைக்கு மட்டும் உரிய மீன், தென்மேற்கின் நிழலான ஓடைகளில் வாழ்வது. தெரணியகல 1929இல் பெயர் வைத்தார். கடைக்கு வருவது பண்ணையில் பிறந்தவை, எங்கள் தண்ணி அவைக்குப் பிரச்சினையில்லை. ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. கோல்ட்ஃபிஷ் வாங்காதீர்கள், அது வளர்ந்து தொட்டியை நிரப்பும். பிறகு ஆற்றில் விடுவம் என்று நினைக்கவே வேண்டாம். ஹமில்டன் துறைமுகத்தில் அப்படி விட்டதுகள் பெருகி, மத்திய மீன்வளத் துறை அதுகளுக்கு ட்ரான்ஸ்மிட்டர் வைத்துப் பின்தொடரும் அளவுக்குப் போயிருக்கிறது.

உறை யாரிடமாவது கிடைத்தால் 37 நாள் ஒரு கிழமையாகக் குறையலாம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் தொட்டி தொடங்குகிற ஆட்கள் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள், என் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தாறன். தொட்டித் தண்ணியோடு தயிர் டப்பா ஒன்றில் கொண்டுபோகலாம். ஜனவரியில் வாறதெண்டால் காரின் டிக்கியில் வைக்காமல் மடியில் வையுங்கோ, உறைஞ்சு போயிடும்.