ரீகால் ரிப்பேர் முடிஞ்சுதுன்னு யார் சொல்றது?



இன்னைக்கு மீம் இல்ல, கொஞ்சம் நீளமான பதிவு. உங்க தெருவுல ஆட்டோ ஓட்டுறவர் ஒருத்தராவது இருப்பார். அவருக்காக முழுசா படிங்க.

பிள்ளையார்பாளையத்துல எங்க தெரு அண்ணன் ஒருத்தர். இருபது வருஷம் தறியில உட்கார்ந்தவர். கூலி கட்டுப்படியாகாம கடன்ல ஒரு ஆட்டோ எடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கும் ஓரிக்கைக்கும் ஷேர் ஆட்டோ. கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல இருந்து போன். "உங்க வண்டிக்கு ஃப்ரீ கேம்பெயின் இருக்கு, ஸ்டீயரிங்ல ஒரு பார்ட் மாத்தணும், கொண்டு வாங்க." அதுக்குப் பேர் ரீகால்னு அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்ல. ஃப்ரீன்னு சொன்னதும் போனார். அன்னைக்குப் பூரா வண்டி உள்ளே.

மறுநாள் எடுத்துட்டு வந்தா ஹேண்டில் இடது பக்கமா இழுக்குது. அதுக்கு முன்னாடி இழுத்ததே இல்ல. திரும்பப் போனார். "கோன் செட் டைட் பண்ணியாச்சு, ஓட ஓட சரியாகிடும்"னு அனுப்பிட்டாங்க. சரியாகல. மூணாவது தடவை "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவன், கூட வா"ன்னு என்னைக் கூட்டிட்டுப் போனார். கவுன்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வண்டி நம்பருக்கு நேரா வேலை முடிஞ்சதுன்னு பதிவு. "சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிடுச்சு சார். இனிமே பார்க்கணும்னா பெய்ட் சர்வீஸ்தான்."

வண்டி இழுக்குது. சிஸ்டம் முடிஞ்சுதுங்குது. மூணு நாள் வருமானம் போச்சு, தவணை மட்டும் தேதி தவறாம வருது.

நான் மெக்கானிக்கல் படிச்சவன், அதனால இதைச் சின்ன விஷயம்னு ஒதுக்க முடியல. கார்ல முன்னாடி ரெண்டு சக்கரம். ஆட்டோவுல திருப்புறதும் பள்ளத்தைத் தாங்குறதும் அந்த ஒத்தைச் சக்கரம், ஒத்தை ஃபோர்க். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஓட்டுறவர் கைதான் பவர். இழுக்கிற ஹேண்டிலை நாள் பூரா எதிர்ப்பக்கம் பிடிச்சே ஓட்டணும். மூணு சக்கரமும் தரையில போடுற முக்கோணத்துக்குள்ள எடை இருக்கிற வரைக்கும்தான் வண்டி நிக்கும். வேகத்துல சட்டுனு ஒடிச்சா எடை வெளியே போகும், வண்டி கவிழும். உள்ளே ஸ்கூல் பிள்ளைங்க இருப்பாங்க, காந்தி ரோட்டுல கல்யாணப் பட்டு எடுத்துட்டு வர்ற குடும்பம் இருக்கும்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். ரொம்ப காலம் இந்தியாவில் ரீகால் என்பது கம்பெனிகளின் விருப்பம்தான். 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தானாகவே ஒரு நெறிமுறை வைத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு வந்த பிறகுதான், குறையுள்ள வண்டியைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட ஒன்றிய அரசுக்கு அதிகாரம் வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிட்டால் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம்.

ரீகால் நடக்கலைன்னு நான் சொல்ல வரல. நிறையவே நடக்குது. 2021 மே மாசம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைச்சது. 2023 ஜூலையில் ஸ்டீயரிங் டை ராடுக்காக மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளை அழைச்சது. 2024 ஆகஸ்டுல 2,555 ஆல்டோ கே10 கார்களுக்கு ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் பிரச்சினை, மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னே சொன்னாங்க. கம்பெனி தானா முன்வந்து சொல்றது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி அதுக்கு அடுத்த கட்டம். ரிப்பேர் செஞ்ச பிறகும் சரியாகலைன்னா? 110ஏ பிரிவு, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு, அல்லது வண்டியை மாத்திக் கொடு அல்லது ரிப்பேர் செய்னு சொல்லுது. ரிப்பேர் தோத்துப்போனா எத்தனை நாளில், எத்தனை தடவைக்குப் பிறகு பணத்தைத் திருப்பணும்னு அந்தப் பிரிவில் ஒரு வரி கூட இல்ல.

அமெரிக்காவுல மூணு சக்கர மோட்டார் சைக்கிள் ஒண்ணு ஓடுது. கனடா நாட்டு பி.ஆர்.பி. கம்பெனியின் கேன்-ஆம் ஸ்பைடர். முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு, மின்சார பவர் ஸ்டீயரிங். அதுக்கும் ஸ்டீயரிங் ரீகால் வந்திருக்கு. பணக்காரங்க வார இறுதியில ஓட்டுற வண்டிதான். ஆனா அங்கே சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், ரீகால்ல செஞ்ச ரிப்பேர் போதுமானதாங்கறதையே தனியா விசாரிக்க முடியும். அதுக்கு 'ரீகால் குவெரி'ன்னு பேர். வண்டியைக் கொடுத்து 60 நாளுக்குள்ள சரியா முடிக்கலைன்னா, நியாயமான காலத்துல முடிக்கலைன்னே அந்தச் சட்டம் எடுத்துக்கும். அப்புறம் வண்டியை மாத்தணும், இல்ல பணத்தைத் திருப்பணும். வார இறுதி வண்டிக்கு இருக்கிற பாதுகாப்பு, சோறு போடுற வண்டிக்கு ஏன் இல்ல?

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு புரியும். சொசைட்டியில சேலை நெய்தவரே அதுக்குப் பாஸ் போட முடியாது. வேற ஆள் பிரிச்சுப் பார்த்துத்தான் எடுப்பாங்க. பட்டுக்கு அந்த நியாயம்! ஆட்டோவுக்கு? தயாரிச்சவங்களே குறை கண்டுபிடிச்சு, அவங்க டீலரே ரிப்பேர் பண்ணி, அவங்க சிஸ்டமே முடிஞ்சுதுன்னு எழுதிக்குது.

பரிசோதிக்க இடம் இல்லையான்னா, அதுவும் நம்ம மாவட்டத்துலேயே இருக்கு. வாலாஜாபாத் தாண்டி ஒரகடத்துல ஒன்றிய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கு. வாகனங்களைச் சோதிச்சுச் சான்று தர்ற இடம். ரீகால் வேலை முடிஞ்ச வண்டிகள்ல கொஞ்சத்தை எடுத்து அங்கே ஓட்டிப் பார்க்கச் சொல்ல ஒரு விதித் திருத்தம் போதும். எஃப்.சி.க்கு வரும்போது "உங்க வண்டிக்கு ரீகால் நிலுவையில இருக்கு"ன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தமிழ்ல ஒரு சீட்டு கொடுக்கலாம். வண்டி உள்ளே நிக்கிற நாளுக்கு ஓட்டுநருக்கு ஒரு நாள் வருமானம். இதைத்தான் கேட்கிறோம். முதல் ரெண்டும் ஒன்றிய அரசு, மாநில அரசு ரெண்டும் சேர்ந்து செய்யணும். யார் ஆண்டாலும் கேட்போம். "இதெல்லாம் ஒரு அரசியலா"ன்னு கமெண்ட்ல வருவாங்க. இதுதாங்க அரசியல்.

சட்டம் மாறுற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கின ஆட்டோ 'வணிக நோக்கம்' கணக்குல வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவரை நுகர்வோராகவே பார்க்குது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிவு பண்ணுங்க.

வண்டியை உள்ளே விடும்போது ஜாப் கார்டு கேட்டு வாங்குங்க. அதுல 'ஹேண்டில் இடது பக்கம் இழுக்கிறது'ன்னு உங்க குறையை அவங்க கையாலேயே எழுத வைங்க. எங்க அண்ணன்கிட்ட முதல் ரெண்டு தடவைக்கும் அது இல்ல. மூணாவது தடவைக்கு இருக்கு, அதை வெச்சுத்தான் இந்த வாரம் மனு எழுதிக்கிட்டு இருக்கோம்.

இதே மாதிரி ரீகாலுக்கு அப்புறம் கோளாறு வந்த ஆட்டோ, லோடு ஆட்டோ உங்க பக்கத்துல இருந்தா ஜாப் கார்டை போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. போன் நம்பரையும் வண்டி நம்பரையும் கமெண்ட்ல போடாதீங்க. மனு எழுதத் தெரியாதவங்களுக்கு நாங்க எழுதித் தர்றோம்.

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, காஞ்சிபுரம்