பார்மட் அடிக்கும் முன்

எங்கள் ராஜபாளையத்திலும் சரி, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சரி, கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால் வரும் முதல் பதில், "பார்மட் அடிச்சிரலாம் சார்." கடைக்காரருக்கு நேரமில்லை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி. பட்டவன் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பேரனுக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப்தான் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. நண்பர் புழங்கியது பாஸ்தான். மறைந்த அவர் மனைவியின் படங்கள் எல்லாம் அதில். வேறு நகல் கிடையாது.

"ரொம்ப மெதுவா ஓடுதுப்பா" என்றார். வேண்டாத டிரைவர்களைக் கழித்து, அந்த லேப்டாப்புக்கென்றே ஒரு கெர்னல் செய்து தருகிறேன் என்று நான்தான் உட்கார்ந்தேன். செய்து முடித்து ஆன் செய்தால் கறுப்புத் திரை. கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்'. நண்பர் கோபப்படவில்லை. "படமெல்லாம் போச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருக்கலாம்.

திரையை செல்போனில் படமெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரவு முழுக்க அந்த வரிகளைப் படித்தேன். ரூட் பகுதியை மவுண்ட் செய்ய முடியவில்லை என்றது; பக்கத்தில் 0,0 என்று இரண்டு பூஜ்யம். வேறு எண் இருந்தால், டிஸ்க் தெரிகிறது, அதிலுள்ள கோப்பு முறைதான் புரியவில்லை என்று சந்தேகிக்கலாம். இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. டிஸ்க் டிரைவரை நான் கெர்னலுக்குள் சேர்க்காமல் தனி மாட்யூலாக விட்டிருந்தேன். அந்த மாட்யூல் இருப்பதோ அதே டிஸ்க்கில்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அந்தச் சாவியை முன்கூட்டியே கையில் கொடுப்பதுதான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு. அதை உருவாக்க மறந்திருந்தேன்.

மறுநாள் போய், ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஆன் செய்தேன். கிரப் மெனுவில் பழைய கெர்னல் பத்திரமாக இருந்தது. அதில் நுழைந்து விடுபட்ட கோப்பை உருவாக்கி, மெனுவையும் புதுப்பித்தேன். புதுக் கெர்னல் கிளம்பியது. படங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஆகியிருக்கவும் இல்லை. பார்மட் அடித்திருந்தால்தான் போயிருக்கும்.

ஆகவே நண்பர்களே, புதியது ஓடும் என்று உறுதியாகும்வரை பழைய கெர்னலை அழிக்காதீர்கள். திரை சொல்வதைக் கடைசி வரி வரை படியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படங்களுக்கு ஒரு நகல் எடுங்கள்.

நான் அதைத்தான் கடைசியில் செய்தேன். பென் டிரைவை நண்பர் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை என்னிடம் தரவில்லை.