பெரிய எழுத்து சிறிய விடயமல்ல



தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. அதனாலேயே ஆங்கில வணிகக் கடிதத்தில் உங்களுட் பலர் இடறுகின்றீர்கள். 'டியர் சேர்' என்பதில் 'சேர்' பெயருக்குப் பதிலாக நிற்கின்றது. ஆகவே இரு சொற்களும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' வாக்கியம் போன்றது. முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. பெயர் சொல்லி விளித்திருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என முடிக்க வேண்டும்.

இவற்றை வெறும் அலங்காரம் என எண்ணுவது தவறு. பரீட்சையில் சில புள்ளிகளே குறையலாம். ஆனால் நாளை நீங்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் முகத்துக்கு முன்பே அதிகாரி காண்பது உங்கள் கடிதத்தைத்தான். எனவே மாதிரிக் கடிதத்தை மனனம் செய்வதிலும் பார்க்க, காரணமறிந்து எழுதிப் பழகுவதே மேல்.