கம்ப்யூட்டருக்கும் ரேடியேட்டர்

சேர்த்துவைத்த காசில் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிர்ப்பு பூட்டப்போவதாக உங்கள் மகன் சொல்கிறானா? பயப்படாதீர்கள். லோரி ரேடியேட்டர் செய்யும் வேலைதான். பம்பு தண்ணீரைச் சுற்றவிடும், தண்ணீர் சூட்டைச் சுமந்து வரும், காற்றாடி ஆற்றும். அறை 32 டிகிரி என்றால் அதற்குக் கீழே மட்டும் இறங்காது!

குழாய்த் தண்ணீர் ஊற்றவேண்டாம், உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரும், பாசிக்கும் அரிப்புக்கும் மருந்தும் வேண்டும். செம்போடு அலுமினியத்தைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

முதலில் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, இணைப்புகளின் அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, 24 மணி நேரம் ஓடவிடட்டும். ஒழுகினால் நனைவது காகிதத்தோடு போகும்; கம்ப்யூட்டர் பிழைக்கும். அவன் அவசரப்படுவான். காகிதத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள்.