இருபத்தோரு இன்ச் மோகம்

புனேயில நம்ம மக்கள் எலெக்ட்ரிக் காரை வாங்கின கையோட பெரிய அலாய் சக்கரம் தேடி ஓடுறாங்க. எதுக்குங்க? 2021 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு அமெரிக்க அரசுக் கணக்குல 19 இன்ச்னா சுமார் 637 கி.மீ., 21 இன்ச்னா 560. (77 கி.மீ. அழகுக்கு மொய்!)

வயித்தெரிச்சல் அது இல்ல. டயர் பக்கவாட்டுல இருக்கிற சுமை எண்ணை ஒருத்தரும் பாக்கிறதில்ல. 91னு இருந்தா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், நாலுக்கு 2460. பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ் காலி வண்டியே 2185 கிலோ. அஞ்சு பேர் ஏறினா, பொங்கலுக்கு ஊருக்குப் போற மூட்டை வைக்கும் முன்னாடியே கணக்கு இடிக்குது. "சைஸ் சரின்னு கடைக்காரர் சொன்னாரே"ங்கிறாங்க. சைஸ் சரி சாமி, சுமை? லோனுக்கு ஜாமீன் இல்லாம நகராத நாங்க, பின்சீட்டுல குழந்தைங்க உக்கார்ற வண்டிக்கு இதைக் கேக்க வேணாமா? கம்பெனி போட்ட எண்ணுக்குக் குறைஞ்ச டயரை இலவசமா குடுத்தாலும் மாட்டாதீங்க.