கட்டிடத்துக்குப் பெயர் சூட்டினோம், குடும்பத்துக்கு மருத்துவர் எங்கே?

குடும்ப அட்டை நமக்குரிய நியாயவிலைக் கடையைச் சொல்கிறது. வாக்காளர் பட்டியல் நமக்குரிய வாக்குச்சாவடியைச் சொல்கிறது. ஆனால், ‘என் குடும்பத்தின் உடல்நலத்துக்குப் பொறுப்பான அரசு மருத்துவர் இவர்’ என்று சொல்ல ஓர் இந்தியரிடம் எந்த ஆவணமும் இல்லை.

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் 2 மருத்துவர்கள் என்பது அதன் குறுகிய காலப் பரிந்துரை. இன்றைய விதிப்படி, சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம். அதில் குறைந்தது ஒரு மருத்துவர். விடுதலைக்கு முன்பு தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்டதையே நாம் இன்னும் எட்டவில்லை.

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தந்தது. மருத்துவமனையில் படுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நீரிழிவு நோயாளியின் மாதாந்திரப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. அழுகிய காலை அகற்றப் பணம் உண்டு. கால் அழுகாமல் காக்கப் பணம் இல்லை. இது சிக்கனமா, கொடுமையா?

அதே திட்டத்தின் மறுபாதி ஒன்றரை லட்சம் நலவாழ்வு மையங்கள். 2023இல் அவை ‘ஆரோக்கிய மந்திர்’ ஆயின. துணை சுகாதார நிலைய அளவில் அவற்றை நடத்துவோர் மருத்துவர்கள் அல்லர், சமுதாய சுகாதார அலுவலர்கள். அவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால், மருத்துவரின் பொறுப்பையும் அவர்கள் தோளில் ஏற்றுவது நியாயமன்று. அதே ஆண்டில் ஆந்திரம் ‘குடும்ப மருத்துவர்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, மருத்துவர்களைக் குறித்த நாள்களில் கிராமங்களுக்கு அனுப்பியது. திசை சரி. எனினும், வந்து பார்த்துச் செல்வது வேறு, பொறுப்பேற்பது வேறு.

‘மருத்துவர்கள் போதாது’ என்பார்கள். இருப்பவர்களை நாம் என்ன செய்தோம்? ‘வெறும் எம்.பி.பி.எஸ். தானா?’ என்று கேட்டுக் கேட்டுப் பொது மருத்துவத்தையே இழிவாக்கினோம். குடும்ப மருத்துவத்தில் எம்.டி. படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. இன்றும் அது ஒருசில கல்லூரிகளைத் தாண்டவில்லை. மாணவர்கள் சிறப்பு மருத்துவர்களிடமே பயின்று, அவர்களைப் போலாகவே விரும்புகிறார்கள். அதில் அவர்கள் குற்றம் என்ன?

ஆகவே, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு மருத்துவரின் பெயரில் பதிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சிறப்பு மருத்துவருக்கு இணையான ஊதியமும் பதவி உயர்வும் கொடுங்கள். இவை இல்லாமல் இன்னொரு பெயர்ப்பலகை வேண்டாம்.