பெயின்ட் வாடையிலிருந்து வண்ண மீன்களைக் காப்பது எப்படி?

‘‘முன்னறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கப்பி, மோலி, ஃபைட்டர் மீன்கள் வளர்த்து, குஞ்சுகளை விற்று வருகிறேன். போன பொங்கலுக்கு முன்பு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தபோது, தொட்டிகளைப் போர்வையால் நன்றாக மூடித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் மறுநாள் காலையில் தாய் மீன்களில் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. இந்த ஆண்டு வீடு முழுவதும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். மீன்களை எப்படிக் காப்பாற்றுவது?’’

- வாசகி, முத்தையாபுரம், தூத்துக்குடி.

தொட்டியை மூடினீர்கள், சரி. ஏர் பம்ப் எங்கே இருந்தது? அதே அறையில் ஓடியிருந்தால், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். பம்ப் அறையில் உள்ள காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. அறையில் தின்னர் வாடை நிறைந்திருந்தால், அந்த வாடையையே இரவு முழுவதும் தண்ணீரில் கலந்துகொண்டிருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் பயனில்லை. ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் செவுளால் மட்டுமின்றி, மேலே வந்து காற்றை நேரடியாகவும் விழுங்கிச் சுவாசிக்கும். அதனால் தண்ணீருக்கு மேலே தேங்கும் வாடையும் அவற்றைப் பாதிக்கும்.

எல்லாப் பெயின்ட்டும் ஒன்றல்ல. கதவு, கம்பிக்கு அடிக்கும் எனாமல், வார்னிஷ், ரெட் ஆக்சைடு பிரைமர், இவற்றில் கலக்கும் தின்னர், டர்பன்டைன் ஆகியவைதான் அதிக ஆபத்து. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கரைவது. வாடை குறைவு, ஆனால் அதிலும் மருந்துகள் உண்டு. ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழக் கூடாது. சுண்ணாம்பும் பட்டித் தூளும் விழுந்தால் தண்ணீரின் காரத்தன்மை கூடும். காரம் கூடிய தண்ணீரில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மேலும் கடுமையான நஞ்சாகும்.

வேலை தொடங்கும் முன்:

* தொட்டியை வேறு அறைக்கோ, வெயில் படாத பின்கட்டுக்கோ மாற்றுவதே நல்லது. பாதித் தண்ணீரைச் சுத்தமான குடத்தில் எடுத்து வைத்து, மீன்களை அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் அதே தண்ணீரில் விடுங்கள். பூச்சிமருந்து, உரம், சோப்பு பட்ட வாளி எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம்.

* சினை மீன்களை அலைக்கழித்தால் குறைமாதக் குஞ்சு போட்டுவிடும். அவற்றைச் சில நாள்கள் முன்னதாகவே, பதற்றமில்லாமல் மாற்றிவிடுங்கள்.

* ஃபில்டர் ஸ்பாஞ்சைக் காயவிடாதீர்கள். கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. புதிய இடத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

* மாற்றிய இடத்தில் கொசுவத்தி, கொசு விரட்டி லிக்விட் வேண்டவே வேண்டாம். இவற்றில் உள்ள மருந்து மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கரையான் மருந்து அடிப்பதாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெரிய தொட்டி, நகர்த்தவே முடியாது என்றால், பம்பை வாடை வராத அறையிலோ வெளித் திண்ணையிலோ வைத்து, நீளமான குழாய் வழியாகக் காற்றைக் கொண்டு வாருங்கள். குழாய் நீண்டால் காற்று குறையும். குமிழி சரியாக வருகிறதா என்று பாருங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிப் பம்புக்குள் போய்விடும். எனவே, பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பிறகு பாலித்தீன் விரிப்பால் தொட்டியை மூடி, காற்று வெளியேற ஒரு ஓரத்தில் மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் வாடையைத் தரும் பொருள்களில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தக் கரியை எடுத்து எறிந்துவிடுங்கள்.

உப்புக்காற்று அடிக்கும் உங்கள் ஊரில் இரும்புக் கம்பிக்கு எனாமல் அடிக்காமல் இருக்க முடியாது. கழற்ற முடிந்த கதவு, கிரில்களை முற்றத்தில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம். அந்தத் தூசு மீனுக்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆகாது. பிரஷ் கழுவிய தண்ணீரையும் கிணற்றோரத்தில் ஊற்றாதீர்கள்.

மீன்களை எப்போது திரும்பக் கொண்டு வரலாம்? மார்கழி ஈரக்காற்றில் எனாமல் மெதுவாகத்தான் காயும். இரவில் அறையை மூடிவைத்து, காலையில் திறந்து பாருங்கள். மூக்கில் வாடை ஏறினால் இன்னும் சில நாள்கள் பொறுங்கள். அதனால் பொங்கல் வரை தள்ளாமல், மார்கழி முதல் வாரத்திலேயே முன்னறை வேலையை முடித்துவிடுங்கள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, தாறுமாறாக ஓடினாலோ தாமதிக்கக் கூடாது. உடனே பம்பை நல்ல காற்றுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால், சுத்தமான வெள்ளைத்தாளைப் பரப்பி எடுங்கள். அன்று தீனி போட வேண்டாம். இதற்காகவே, வேலை நடக்கும் நாள்களில் ஒரு குடம் தண்ணீரைத் தயாராக வைத்திருங்கள்.

சந்தேகம் இருந்தால், உங்களுக்கு அருகிலேயே 1977-ல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சென்று, ஆலோசனை கேளுங்கள். பெயின்டரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள்: தின்னர் பட்ட கையைத் தொட்டியில் விடக் கூடாது, அந்தப் பம்பைத் தொடவும் கூடாது.